லா ஷப்பேலில் பாஸ்டன் தேநீர் விருந்து

செசிலுக்கு அமெரிக்க வரலாறு தெரியாது. தெரியும் என்று அவள் யாரிடமும் சொன்னதும் கிடையாது. புதுச்சேரியில் கன்னியர் பள்ளியில் படித்துவிட்டு, பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஓய்வு பெற்ற தகப்பனோடு பதினெட்டு வயதில் பாரிசுக்கு வந்தவள். தபால் பிரிக்கும் நிலையத்தில் விடியற்காலை வேலை. மத்தியானத்துக்கு மேல் சும்மாதான் இருப்பாள். அந்தச் சும்மாவில், பள்ளிக்கூடம் இல்லாத புதன்கிழமைகளில், லா ஷப்பேல் மெத்ரோ ரயில் நிலையத்துக்குப் பின்தெருவிலிருந்த நகரசபை மண்டபத்தில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தாள். அவள் செய்த காரியம் அவ்வளவுதான். அதற்காக அமெரிக்காவைத் தன் தலையில் கட்டுவார்கள் என்று அவள் நினைக்கவில்லை.

பிள்ளைகள் பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயதுக்குள் இருந்தார்கள். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு ஊரைவிட்டு வந்த குடும்பங்கள். அரசாங்கப் பள்ளியில் இவர்களை 'வரவேற்பு வகுப்பு' என்ற ஒன்றில் உட்கார வைத்திருந்தார்கள். வருஷக் கடைசியில், ஜூன் மாதம், ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டுப் பேசிப்பார்ப்பார்கள். பிரெஞ்சு வந்துவிட்டது என்று தோன்றினால் வயதொத்த பிள்ளைகளோடு சாதாரண வகுப்பு. வரவில்லை என்று தோன்றினால் தொழிற்பள்ளி. பையனென்றால் குழாய் வேலை, பெண்ணென்றால் தையல். வரவேற்பு முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

மண்டபம் செசிலுடையது அல்ல. அதை நகரசபையிலிருந்து வாங்கி வைத்திருந்தது இருகரைத் தமிழ் மன்றம். புதுச்சேரிக் கரை ஒன்று, யாழ்ப்பாணக் கரை ஒன்று என்று பெயரிலேயே இரண்டு கரைகள் இருந்ததால், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு உட்காரும்படியாக நாற்காலி போட்டுத்தான் கூட்டம் நடக்கும். தலைவர் அந்துவான் சூசைநாதன், புதுச்சேரிக்காரர், சுங்க இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செயலாளர் மகேந்திரராசா, யாழ்ப்பாணத்து வேலணைக்காரர், தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருந்தார். பொருளாளர் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்தின் பக்கம் ஒரு சாப்பாட்டுக்கடை. மூவரும் நல்ல மனிதர்கள். தனித்தனியாகப் பார்த்தால் யாருக்கும் தீங்கு நினைக்காதவர்கள். கூடி உட்கார்ந்தால்தான் மன்றமாகிவிடுவார்கள்.

எண்பத்தைந்தாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் நகரசபையின் கலாசாரப் பிரிவிலிருந்து மதாம் லோறன்ஸ் என்ற அதிகாரி வந்தார். பிரான்ஸ் அமெரிக்காவுக்குப் பரிசாகக் கொடுத்த சுதந்திர தேவி சிலைக்கு அடுத்த வருஷம் நூறு வயதாகிறது, இந்த வட்டாரத்துச் சங்கங்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அமெரிக்க வரலாற்றைக் கொஞ்சம் சொல்லிக்கொடுத்து ஏதாவது நிகழ்ச்சி செய்தால் நன்றாக இருக்கும் என்றார். மண்டபங்களை மறுபடி ஒதுக்கும்போது அதையும் கவனிப்போம் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். அவர் சொன்னது ஒரு கடுகளவு. தலைவர் கேட்டது ஒரு மலையளவு.

அன்று சாயந்திரமே அவசரக் கூட்டம். செசில் உறுப்பினர் இல்லை. கரும்பலகைக்கு ஒரு பெட்டி சுண்ணாம்புக் கட்டி கேட்கலாமென்று வந்தவள் கதவருகே நின்றாள். மன்றத்தின் மண்டபத்துக்கு ஆபத்து வந்திருக்கிறதென்றும், அமெரிக்க வரலாறு ஒன்றே காப்பாற்றும் என்றும் தலைவர் பேசினார். ஏகமனதாக நிறைவேறியது. பிறகு யார் சொல்லிக்கொடுப்பது என்ற கேள்வி எழுந்தது. இரண்டு கரைகளும் ஒரே திசையில் திரும்பிப் பார்த்தது மன்றத்தின் சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை.

தனக்கு அமெரிக்க வரலாறு தெரியாது என்று செசில் சொன்னாள்.

"அது பிரச்சினை இல்லை ரீச்சர்" என்றார் மகேந்திரராசா. "தெரிஞ்ச ஆள் எண்டால் தன்ரை கருத்தைச் சொல்லிப்போடுவார். தெரியாத ஆள்தான் குழுவுக்கு நல்லது."

சுண்ணாம்புக் கட்டி அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. செசில் அமெரிக்காவோடு வீடு திரும்பினாள்.

நகர நூலகத்தில் சிறுவர்களுக்கான படப் புத்தகம் ஒன்று கிடைத்தது. பாடத்துக்கு முந்தின நாள் தான் படித்துக்கொண்டு போய், மறுநாள் பிள்ளைகளுக்குச் சொன்னாள். அவள் எதிர்பாராதது ஒன்று நடந்தது. பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போயிற்று. கப்பலில் வந்து இறங்கியவர்கள், தங்களைக் கேட்காமல் தீர்வை போட்ட அரசன், துறைமுகத்தில் இரவோடிரவாகக் கப்பலேறித் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் வீசியவர்கள் என்று அவள் சொல்லச் சொல்ல, வாயையே திறக்காத பையன்கள்கூடச் சண்டைக்கு வந்தார்கள். பிரெஞ்சில்தான் சண்டை போட வேண்டும் என்று அவள் ஒரு விதி வைத்தாள். சண்டை போடுவதற்கு இறந்தகால வினை வேண்டியிருந்தது. அவன் வீசினான், அவர்கள் வீசினார்கள், நாங்கள் வீசியிருப்போம். மூன்று மாதமாக ஏறாதது மூன்று புதன்கிழமைகளில் ஏறியது.

எல்லாரையும்விட முந்தி நின்றவள் வத்சலா. பதினான்கு வயது, வகுப்பில் எல்லாரையும்விட உயரம். தாய் நாகேஸ்வரி பாரிசின் புறநகரான ஒபர்வில்லியேயில் ஒரு தையல் பட்டறையில் வேலை செய்தாள். தகப்பன் இன்னும் கொழும்பில் பயணத்துக்குக் காத்திருந்தான். வத்சலா கேட்கும் கேள்விகளுக்குப் படப் புத்தகம் போதவில்லை. கப்பலில் வந்தவர்களுக்கு முன்னாலே அங்கே இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்றாள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களுக்குச் சுதந்திரம் எப்போது கிடைத்தது என்றாள். அதற்கும் சிலைக்கும் என்ன சம்பந்தம் என்றாள். செசில் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, அடுத்த வாரம் வேறொரு புத்தகம் எடுத்து வந்தாள். மண்டபத்தின் காவலாளி யோன், கரிபியன் கடலிலுள்ள குவாதலூப் தீவுக்காரர், அடிமைகளின் வழிவந்தவர், துடைப்பத்தைப் பிடித்தபடி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

இந்தப் பிள்ளை ஜூனில் தேறிவிடும் என்று செசில் நினைத்தாள். அப்படி நினைத்ததை நாகேஸ்வரியிடம் சொல்லியும்விட்டாள். அது அவள் செய்த தவறு.

தைப்பொங்கலுக்குப் பிறகு மன்றம் பாடத்திட்ட மேற்பார்வை உபகுழு ஒன்றை அமைத்தது. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் அதில் இருந்தார்கள். மற்ற உபகுழுக்களிலும் அவர்கள்தான் இருந்தார்கள். வகுப்பின் பின்வரிசையில் மேலங்கியைக் கழற்றாமல் உட்கார்ந்து ஒரு பாடம் முழுவதும் கேட்டார்கள். முடிந்ததும் செசிலைக் கூப்பிட்டு, பாடம் மிகச் சிறப்பாக இருக்கிறது, சில சிறிய திருத்தங்கள் மட்டும் என்றார்கள்.

முதல் திருத்தம் இங்கிலாந்து. மகேந்திரராசாவின் தம்பிமார் இருவர் லண்டனில் விசாவுக்கு விண்ணப்பித்திருந்தார்கள். இந்த நேரத்தில் இங்கிலாந்தைப் பற்றிப் பிள்ளைகள் மேடையில் கண்டபடி பேசுவது சரியில்லை. கடலுக்கு அப்பாலுள்ள ஓர் அரசு என்று சொன்னால் போதும். எந்தக் கடல் என்பதையும் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது வரி. ஸ்ரீஸ்கந்தராசா அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். வரி கட்டமாட்டோம் என்று ஒரு கூட்டம் சொன்னதை வீரம் என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்தால், அதுகள் கடையில் வந்து உரக்கச் சொல்லும், பக்கத்து மேசையில் யார் இருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும். வரி எடுக்கப்பட்டது.

மூன்றாவது போர். இதைச் சொல்லும்போது மகேந்திரராசா குரலைத் தாழ்த்தினார். இந்தப் பிள்ளைகளின் குடும்பங்கள் அத்தனைக்கும் அகதி விண்ணப்பம் விசாரணையில் இருக்கிறது. ஒரு மண்டபத்துக்குள் தமிழ்ப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து, விடுதலைக்காகத் துப்பாக்கி தூக்கியவர்களின் கதையைச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று வெளியே போனால் என்ன ஆகும். மற்ற இரண்டுக்கும் பதில் வைத்திருந்த செசில், போர் என்ற சொல்லைத் தானே குறிப்பேட்டில் அடித்தாள். அமெரிக்க விடுதலைப் போர் அன்றிலிருந்து அமெரிக்கக் கருத்து வேறுபாடு ஆயிற்று.

நான்காவது திருத்தத்தைத் தலைவரே சொன்னார். அங்கே முன்பிருந்தவர்களுக்குப் பிரெஞ்சில் 'இந்தியர்' என்றுதானே பெயர். இந்தியர்களை விரட்டினார்கள் என்று பிள்ளைகள் சொன்னால், மண்டபத்தில் இருக்கிற வெள்ளைக்காரர்கள் காரைக்கால்காரர்களை என்று நினைத்துக்கொள்ளமாட்டார்களா. புதுச்சேரிக் கரைக்கு அது கௌரவக் குறைச்சல். ஐந்தாவது அடிமைகள். காவலாளி யோனின் மனம் புண்படும், சாவி அவரிடம்தான் இருக்கிறது என்றார்கள்.

யோனிடம் யாரும் கேட்கவில்லை. செசில்தான் போகும்போது சொன்னாள். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். "அதை ஏன் எடுத்தீர்கள் மதாம்?" என்றார். "அதைக் கேட்கத்தானே நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன்."

எடுத்ததெல்லாம் எடுத்த பிறகு அமெரிக்க வரலாற்றில் மீதி இருந்தவை இரண்டு. தேநீரும் சிலையும்.

தேநீர் சங்கதி இன்னும் தீரவில்லை. கடலில் தேயிலையைக் கொட்டிய அந்த நிகழ்ச்சிக்குப் புத்தகத்தில் ஆங்கிலப் பெயரே போட்டிருந்தது. கலைச்சொல் உபகுழு கூடி அதைப் 'பாஸ்டன் தேநீர் விருந்து' என்று தமிழாக்கியது. பாஸ்டனா பொஸ்ரனா என்பதில் இரண்டு கரைகளும் இரண்டு கூட்டங்கள் செலவழித்து, பதாகையில் இரண்டையும் எழுதுவது என்று முடிவாயிற்று. விருந்து என்று ஆனபின், விருந்தில் என்ன பரிமாறினார்கள் என்ற கேள்வி வந்தது. அது கேலியாக வைத்த பெயர், அங்கே யாரும் தேநீர் குடிக்கவில்லை, கடலில் கொட்டினார்கள் என்று செசில் விளக்கினாள். உபகுழுவினர் பொறுமையாகக் கேட்டார்கள்.

"ரீச்சர், இலங்கைத் தேயிலை என்ரை கடையிலைதான் விக்குது" என்றார் மகேந்திரராசா. "விழாவுக்கு நான்தான் தேத்தண்ணி குடுக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறன். பிள்ளையள் மேடையிலை தேயிலையைக் கொட்டிக் காட்டினால் பாக்கிற சனம் என்ன நினைக்கும்?"

ஆகவே பாஸ்டனில் தேநீர் குடிக்கப்பட்டது. வடையும் கேசரியும் பொருளாளர் பொறுப்பு. பாஸ்டன் நகரப் பெரியவர்களாக வேடம் போட யார் பொருத்தம் என்று ஆராய்ந்ததில், இயல்பாகவே பெரியவர்களாக இருக்கும் செயற்குழுவினரே மேடையில் அமர்ந்து அருந்துவது என்று தீர்மானமாயிற்று. தலைவருக்கு அமெரிக்கத் தேசத்தந்தை வேடம். போர் இல்லாததால் அந்தத் தந்தை என்ன செய்தார் என்று பிள்ளைகள் கேட்டார்கள். அவர் ஒரு சங்கம் பதிவு செய்து, தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோரை ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கச் செய்தார் என்று சூசைநாதன் அவர்களுக்கு நேரில் வந்து விளக்கினார். செசில் அப்போது சன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிலைக்கு வத்சலா. உயரமாக இருந்தாள் என்பதுதான் காரணம். சிலைக்கு வசனம் கிடையாது.

ஏப்ரலிலிருந்து புதன்கிழமைகள் முழுவதும் ஒத்திகை. பிரெஞ்சு நின்றுபோயிற்று. பிள்ளைகள் தமிழில் வரிசையாக வந்து, தமிழில் வணக்கம் சொல்லி, தமிழில் தட்டெடுத்துக்கொண்டு போகப் பழகினார்கள். மே மாதம் செசில் துணிந்து தலைவரை மண்டப வாசலில் நிறுத்தினாள். ஜூனில் பள்ளியில் பேசிப்பார்க்கப் போகிறார்கள், ஒரே ஒரு மணி நேரமாவது பாடத்துக்கு விடுங்கள் என்றாள்.

சூசைநாதன் கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிறவர் இல்லை. "செசில், நீ சொல்றது எனக்குப் புரியாம இல்ல" என்றார். "ஆனா மண்டபமே இல்லைன்னா பிரெஞ்சை எங்க வச்சுச் சொல்லித் தருவ? முதல்ல மண்டபம். மண்டபம் நின்னா பிள்ளைங்க நிக்கும். நானும் பிள்ளைங்களுக்காகத்தான் இத்தனை கூட்டம் போடுறேன்."

அவர் அதை மனதார நம்பினார். அதுதான் செசிலுக்குத் தாங்கவில்லை. பொய் சொல்கிறவராக இருந்திருந்தால் இரண்டு வார்த்தை கேட்டிருப்பாள்.

விழா ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்தது. திரான்சிப் புறநகரிலிருந்தெல்லாம் குடும்பங்கள் வந்திருந்தன. முன்வரிசையில் மதாம் லோறன்ஸ். மேடையின் பின்புறம் பச்சைச் சேலையைச் சுற்றிக்கொண்டு, தலையில் அட்டை முள்முடியோடு, வலது கையில் தீப்பந்தம் உயர்த்தி வத்சலா நின்றாள். தீப்பந்தத்தைப் பட்டறையில் மிஞ்சிய கனமான துணியைச் சுற்றி நாகேஸ்வரி செய்து கொடுத்திருந்தாள். மகளுடைய முதல் மேடை என்பதால் நல்ல வேலைப்பாடாகச் செய்திருந்தாள். அதனால் எடையும் நன்றாக இருந்தது.

தலைவர் எழுந்தார். "வரலாறு என்பது" என்று தொடங்கினார், "யார் மனமும் கோணாமல் கேட்கக்கூடியதாக இருக்க வேண்டும். அமெரிக்க வரலாற்றில் அப்படிப்பட்ட பகுதியை மட்டும் தேர்ந்தெடுக்க இந்த மன்றம் ஏழு உபகுழுக்களை அமைத்து அல்லும் பகலும் உழைத்திருக்கிறது. சுதந்திரம் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் வர முடியும் என்பதை அமெரிக்காவுக்கே இன்று நாம் காட்டியிருக்கிறோம்." கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிறகு செயலாளர். பிறகு பொருளாளர். பிறகு, பேசாமல் விட்டால் மனவருத்தப்படக்கூடிய எல்லாரும்.

மூன்றாவது பேச்சாளர் பேசும்போது வத்சலாவின் கை தளரத் தொடங்கியது. அவள் பந்தத்தை இடது கைக்கு மாற்றினாள். ஒழுங்குக் குழு ஆள் ஒருவர் குனிந்தபடி மேடையேறி வந்து, சிலைக்கு வலது கைதான் என்று கிசுகிசுத்து, திரும்ப மாற்றிவைத்துவிட்டுப் போனார். செசில் பின்திரைக்குள் நுழைந்தாள். சேலையின் மடிப்புகளுக்குப் பின்னால் மண்டியிட்டு நின்று, பிள்ளையின் முழங்கையை அடியிலிருந்து தாங்கிப் பிடித்தாள். சபையிலிருந்து பார்த்தவர்களுக்குச் சிலை அசையாமல் நின்றது. கொஞ்ச நேரத்தில் செசிலின் கையும் தளர்ந்தது. மறு கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். அவர்களுக்கு முன்னால் பாஸ்டன் நகரத்துப் பெரியவர்கள் வடையைப் பிட்டு, தேநீரை ஊதி ஊதிக் குடித்தார்கள்.

"வலிக்குதா?" என்று திரைக்குள்ளிருந்து கேட்டாள்.

"முந்தி வலிச்சது ரீச்சர்" என்றாள் வத்சலா உதட்டை அசைக்காமல். "இப்ப கை இருக்கோ எண்டே தெரியேல்லை."

எல்லாம் முடிந்தபின் மதாம் லோறன்ஸ் மேடைக்கு வந்து, மிக அழகாக இருந்தது, கேசரிகூட மிக நன்றாக இருந்தது என்றார். பிறகு தயங்கி, புரட்சி எந்த இடத்தில் வந்தது, நான் கவனிக்கத் தவறிவிட்டேனா என்று கேட்டார்.

"அது எங்களுக்குள் ஏற்கனவே பேசித் தீர்க்கப்பட்டுவிட்டது, மதாம்" என்றார் சூசைநாதன்.

மதாம் லோறன்ஸ் குறித்துக்கொண்டார். மண்டபம் நிலைத்தது.

அதே வாரம் பள்ளியில் வத்சலாவைக் கூப்பிட்டார்கள். நாகேஸ்வரிக்குப் பிரெஞ்சு வராது என்பதால் செசில் விடுப்பெடுத்துக்கொண்டு உடன் போனாள். தாயும் அவளும் நடைக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே இரண்டு ஆசிரியைகளும், பிள்ளைகளை எந்த வழியில் அனுப்புவது என்று தீர்மானிக்கிற ஆலோசகர் ஒருவரும். வாசிக்கக் கொடுத்த பகுதி, அந்த வயது வகுப்புப் பாடப் புத்தகத்திலிருந்து எடுத்தது, அமெரிக்கச் சுதந்திரத்தைப் பற்றி. கதவு சாத்தியிருந்தாலும் வத்சலா தடுமாறாமல் வாசிப்பது வெளியே கேட்டது. நாகேஸ்வரி செசிலின் கையைப் பிடித்துக்கொண்டாள். செசிலுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கடவுள் கண் திறந்துவிட்டார் என்று நினைத்தாள்.

பிறகு ஓர் ஆசிரியை கேட்டார்: அந்த மக்கள் ஏன் தேயிலையின் மேல் கோபப்பட்டார்கள்?

பிறகு வத்சலாவின் குரல், பிழையில்லாத பிரெஞ்சில், மரியாதையாக. "எதைச் சொல்ல வேண்டும் மதாம்? புத்தகத்தில் நடந்ததையா, எங்கள் மண்டபத்தில் நடந்ததையா?"

மண்டபத்தில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். கேட்டதற்குப் பதில் சொல்லுகிற பிள்ளை அது. சொன்னது. கடலுக்கு அப்பால் ஓர் அரசு, ஒரு கருத்து வேறுபாடு, எல்லாரும் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள், ஒரு சங்கம் பதிந்தார்கள், சிலையை யாரோ பின்னாலிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு, புத்தகத்தில் இருப்பது வேறு, அதுவும் எனக்குத் தெரியும் என்று தொடங்கியபோது, போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆலோசகர் வெளியே வந்தார். இளைஞர். நல்ல மாதிரியாகப் பேசினார். பிள்ளையின் மொழி வியக்கும்படி இருக்கிறது என்றார். செசில் அதைத் தமிழில் சொல்ல, நாகேஸ்வரியின் முகம் மலர்ந்தது.

"ஆனால் அவளுக்கு வரலாறு இரண்டு இருக்கிறது" என்றார் அவர். "எது வேண்டும் என்று எங்களைக் கேட்கிறாள். இந்த வயதில் அது கவலைக்குரியது. சாதாரண வகுப்பில் ஒரு கேள்விக்கு ஒரு பதில்தான். இப்படிப்பட்ட சந்தேகங்களோடு அங்கே போனால் அவள்தான் கஷ்டப்படுவாள். தையலில் இந்தக் குழப்பம் வராது. ஒரு சட்டையை ஒரே விதமாகத்தான் தைக்க முடியும்."

குற்றம் பிள்ளையுடையது அல்ல, எங்களுடையது, மன்றம்தான் பாடத்தை மாற்றியது என்று செசில் படபடத்தாள். அவர் தலையசைத்துக் கேட்டார். அந்த விழாவைப் பற்றி நகரசபையில் நல்ல பேச்சு, அப்படி அக்கறையுள்ள சமூகம் கிடைத்தது இந்தப் பிள்ளையின் அதிர்ஷ்டம் என்றார். தொழிற்பள்ளியில் இடம் ஒதுக்கியாயிற்று, ஒருமுறை ஒதுக்கினால் மாற்றுவதற்கு வழி கிடையாது, இருந்தாலும் உங்கள் உணர்வு எனக்குப் புரிகிறது என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

மூவரும் மெத்ரோவில் திரும்பினார்கள். தையல் எண்டால் வேலை கிடைக்கும்தானே என்று நாகேஸ்வரி ஒருமுறை சொல்லிப்பார்த்தாள். மகள் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இறங்கும்போது தாய் செசிலைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"தையல் நான் காட்டிக் குடுப்பன் ரீச்சர். அதுக்கு ஏன் பள்ளிக்கூடம்?"

செசில் மன்றத்துக்குப் போனாள். பள்ளிக்கு நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், நடந்ததைச் சொன்னால் போதும் என்று கேட்டாள். இரண்டு கரைகளும் அமைதியாகக் கேட்டன. மன்றம் போய்ச் சொன்னால், விழாவில் காட்டியது வரலாறு இல்லை என்று மன்றமே ஒப்புக்கொண்டதாகாதா என்று மகேந்திரராசா கேட்டார். அது நகரசபைக்குத் தெரிந்தால் மண்டபம் என்னாவது என்று ஸ்ரீஸ்கந்தராசா கேட்டார். ஆளுக்கொரு பக்கம் உண்மையாகவே வருத்தப்பட்டார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிவில், சிலையாகச் சிறப்புடன் நின்ற செல்வி வத்சலாவுக்கு அடுத்த விழாவில் பொன்னாடை போர்த்துவது என்று ஏகமனதாக நிறைவேற்றினார்கள். எண்பத்தொன்பதில் பிரெஞ்சுப் புரட்சிக்கு இருநூறாவது ஆண்டு வருகிறது, அதற்கு உடுப்புகள் நிறையத் தேவைப்படும், அதற்குள் பிள்ளைக்கும் தையல் கைவந்திருக்கும் என்று தலைவர் ஆறுதலாகச் சொன்னார்.

செப்டம்பரில் முதல் புதன்கிழமை செசில் வந்தபோது மண்டபத்துக்குள் விளக்கு எரிந்தது. உள்ளே மேசையைச் சுற்றிக் கூட்டம். யோன் வெளியே படியில் நின்றார். புதன்கிழமைகளை இருநூறாவது ஆண்டு ஆயத்த உபகுழுவுக்கு எடுத்துக்கொண்டார்களாம், எனக்கு அப்படித்தான் சொன்னார்கள் என்றார். சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை. மகேந்திரராசா எழுந்து வந்து, மூன்று வருஷந்தான் இருக்கிறது, இப்பவே தொடங்காவிட்டால் ஏலாது, பிள்ளைகளுக்கு வேறு இடம் பார்க்க ஓர் உபகுழு போடுவோம், நீங்கள் ஒன்றும் யோசிக்காதையுங்கோ என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். குளிர் உள்ளே வந்துவிடும் என்பதற்காகத்தான் சாத்தினார்.

பிள்ளைகளில் பாதிப் பேர் வருவதை நிறுத்தியிருந்தார்கள். வந்தவர்களும் கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். கடைசியாக வந்தவள் வத்சலா, கையில் அளவுநாடா சுற்றிய தொழிற்பள்ளிப் பையோடு. சாத்திய கதவைப் பார்த்தாள். உள்ளே யாரோ பேசி முடித்து, கைதட்டல் கேட்டது.

"புத்தகமெல்லாம் உள்ள அலமாரியில இருக்கு" என்றாள் செசில்.

"பரவாயில்லை ரீச்சர்."

இருவரும் நடந்து, ரயில்பாலத்துக்குக் கீழே இருந்த நீண்ட இருக்கையில் போய் உட்கார்ந்தார்கள். புறாக்கள் எழுந்து போய் அடுத்த தூணருகே இறங்கின. என்ன சொல்லிக்கொடுப்பது என்று செசிலுக்குத் தெரியவில்லை. சும்மா, இந்த வாரம் பள்ளியில் நடந்ததைப் பிரெஞ்சில் சொல் என்றாள். வத்சலா யோசித்துவிட்டுத் தொடங்கினாள். எங்களுக்கு ஒரு துணியைக் கொடுத்தார்கள். அதை வெட்டச் சொன்னார்கள். நான் கேட்டேன்.

தலைக்கு மேலே மெத்ரோ தடதடத்து வந்தது. உதடு அசைவது மட்டும் தெரிந்தது. என்ன கேட்டாள் என்று செசிலுக்குக் கேட்கவில்லை. ரயில் நிலையத்துக்குள் போய் ஓய்ந்ததும், திரும்பச் சொல் என்று சைகை காட்டினாள். வத்சலா துணியைக் கொடுத்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கினாள். எதிர்த்திசையிலிருந்து அடுத்த ரயில் வந்துகொண்டிருந்தது.